உடைந்தும் ஒலிக்காத கண்ணாடி

1. இதை எழுதுபவர் தம்பிராசா குகநேசன். வயது அறுபத்து மூன்று. சட்டத்தரணி, காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் பிரசித்த நொத்தாரிசு. கந்தோர் திருகோணமலை, உட்துறைமுக வீதியில். வீடு அங்கிருந்து நடை தூரம்.

2. எழுதுவது என் சொந்தப் பாவனைக்கு. மனைவி யோகா வாசிப்பதற்கும் அல்ல.

3. கண்டதும் கேட்டதும் மாத்திரம். ஊகமாயின் ஊகம் என்று குறிக்கப்படும்.

ஜூன் 9, செவ்வாய்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, நான்காவது நாள். பல்லுக்குள் மண். காலை 8.10க்கு நசுறுதீனின் அழைப்பு. (நசுறுதீன்: என் எழுதுவினைஞர். கிண்ணியா. என்னிடம் இருபத்திரண்டு வருடம்.)

"சேர், கந்தோர ஒடைச்சிரிக்கானுகள். பின் ஜன்னல். அலாரத்த நிப்பாட்டினன், வேற ஒண்டையும் தொடல்ல. வாங்க."

8.30க்கு நான் அங்கே. கண்ட நிலை:

என் கதிரைக்குப் பின்னாலுள்ள ஜன்னலின் கண்ணாடி உடைப்பு. உள்கொளுக்கி கழற்றப்பட்டிருந்தது. மடிக்கணினி இல்லை. இரும்புப் பெட்டி இல்லை. பெட்டியில் பணம் எதுவும் இருந்ததில்லை. கட்சிக்காரர் நால்வரின் காணி உறுதிகள், மூலப்பிரதிகள். பாரத்தைப் பார்த்துப் பணம் என்று நினைத்திருக்கலாம் (ஊகம்). அச்சுப்பொறி, மின்விசிறி, கடிகாரம் இருந்த இடத்தில். கண்ணாடி அறையெங்கும் சிதறவில்லை. திரைச்சீலையின் கீழ் மடித்த பாய் போலக் கிடந்தது.

அலாரம் ஒலிக்கவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் பொலிசாருக்கு முக்கியமாயிற்று. எட்டு மாதத்துக்கு முன் பொருத்தியது. கூரையோடு ஒட்டி உள்ளங்கையளவில் ஒரு வெள்ளைப் பொருள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால் வெளியே சங்கை ஊதவைக்கும். மாலையில் கடைசியாகப் போகிறவர் நான்கு இலக்கங்களை அழுத்தி இயக்க வேண்டும். காலையில் முதலில் வருகிறவர் அதே இலக்கங்களை அழுத்தி நிறுத்த வேண்டும். பொருத்திய புதிதில், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாயிஸ் கொத்துரொட்டி அடிக்கும் சத்தத்துக்கு இரு மாலைகள் ஊதித் தெருவே கூடியது. அதற்கடுத்த இரு மாலைகளும் அதை இயக்காமல் விட்டுப் போகும்படி நசுறுதீனுக்குச் சொன்னவன் நான். பிறகு கம்பனியிலிருந்து ஜூட் வந்து அதன் செவியைச் சற்று மந்தமாக்கிவிட்டுப் போனார்.

இன்று பாயிஸ், கூட்டத்தின் நடுவில்: "எங்கட கொத்துக்குப் பாடின சாமான் கள்ளனுக்குப் பாடல்லியே சேர்! அவன் என்ன, மெதுவாக் கொத்தினவனோ?"

சிலர் சிரித்தனர்.

ஜூட்டை வரவழைத்தார்கள். கண்ணாடி உடையும் சத்தத்தை எழுப்பும் சிறிய சோதனைப் பெட்டியொன்றை அவர் அழுத்தினார். சங்கு ஊதியது. கருவியில் குறை இல்லை. ஆகவே இரவு அது இயங்காமல் விடப்பட்டிருக்க வேண்டும் என்பது பொலிசாரின் முடிவு.

என் வாக்குமூலம். எடுத்தவர் உப பரிசோதகர், நல்ல தமிழ்.

"கோட் எத்தனை பேருக்குத் தெரியும் ஐயா?"
"இருவருக்கு. எனக்கும் எழுதுவினைஞருக்கும்."
"நேத்துக் கடைசியாப் போனது?"
"அவர்."
"இண்டைக்கு முதல் வந்தது?"
"அவர்."
"இதுக்கு முன்னம் இவர் அலாரத்தைப் போடாமல் விட்டிருக்கிறாரோ?"
"ஓம். இரு தடவை."

எழுதினார். வாசித்துக் காட்டினார். ஒப்பமிட்டேன். நான்கு பதில்களும் உண்மை.

நசுறுதீன் வாசற்படியில், கையில் தண்ணீர்ப் போத்தலுடன். கேட்டுக்கொண்டு நின்றார்.

11.20க்கு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுமுன் கந்தோர்க் கதவின் திறப்புக்கோவையை என்னிடம் தந்தார். "ஒரு மணிக்கு மூதூர் ஆக்கள் வருவாங்க சேர். பைல் உங்கட மேசையில, இடது பக்கம்."

இடது பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டில் சோறும் மீன்குழம்பும். என்ன மீன் என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 10, புதன்

காற்று குறையவில்லை. இரத்த அழுத்த மாத்திரை முடிந்தது, வாங்க வேண்டும்.

நீதவான் நீதிமன்றம். சந்தேகநபர் முற்படுத்தப்பட்டார். 23 வரை விளக்கமறியல், சிறையில். நான் முறைப்பாட்டாளர், சட்டத்தரணிகளின் மேசையடியில் இடமில்லை. பொது ஆசனத்தில் இருந்தேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. அங்கிருந்து பார்க்கையில் நீதவானின் தலை மாத்திரம் தெரியும்.

நசுறுதீன் கூண்டில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினார். கழற்றத் தேவையில்லை என்று யாரோ சொல்ல, மறுபடி போட்டார்.

அவருக்காகத் தோன்றியவர் ஓர் இளம் பெண் சட்டத்தரணி. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வணக்கம் இல்லை.

பகல், வீட்டில்.

யோகா: "நசுறுதீன் எடுத்தவர் எண்டு நினைக்கிறியளோ?"
"நான் அப்பிடிச் சொல்லேல்லை."
"சொல்லேல்லை எண்டு தெரியும். நினைக்கிறியளோ எண்டுதான் கேட்டனான்."
"இல்லை."
"அப்ப ஏனப்பா, நான் சொல்லித்தான் போடாமல் விட்டவர் எண்டு பொலிசிட்டைச் சொல்லேல்லை?"
"அவர் அதைக் கேக்கேல்லை."
"கேக்கேல்லை!"

குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் அதிகம்.

சாட்சிக் கூண்டில் ஏறும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது: கேட்டதற்கு மட்டும் பதில். மேலதிகமாக ஒரு சொல்லும் வேண்டாம். விளக்கம் தேவையெனில் உங்கள் சட்டத்தரணி கேட்பார். நேற்று நான் சாட்சி. அதன்படியே நடந்தேன். என் பக்கத்தில் சட்டத்தரணி எவரும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மாத்திரை வாங்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

10.15. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போடுவதற்கு முன் கருவியை மறுபடி பார்க்க ஜூட் வந்தார். முப்பது வயதிருக்கும். பொலிசார் மூலையில் சாக்கில் கட்டி வைத்த உடைந்த கண்ணாடியை அப்புறப்படுத்தத் தூக்கினார். துண்டு துண்டாக வரவேண்டியது, ஒரே சேலையாக வந்தது.

"ஐயா, இது ஆர் ஒட்டினது?"

நிறமற்ற பார்சல் ஒட்டுநாடா. மூலைக்கு மூலை இரண்டு, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

அவர் கேட்டு முடிக்குமுன் எனக்குத் தெரிந்தது.

சென்ற வியாழன், 4ஆம் திகதி, பின்னேரம். ஒலிபெருக்கி வாகனம் வீதியால் போனது: துறைமுக வாயிலில் அகழும்போது கிடைத்த பழைய குண்டுகளை நாளை பத்து மணிக்கு வெடிக்கவைப்பார்கள், மக்கள் பதற்றமடைய வேண்டாம். நான் பதற்றமடையவில்லை. நசுறுதீனின் மேசை லாச்சியிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்தேன். ஒட்டினேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன். மழை வந்தால் குடையை விரிப்பது போல. சண்டைக் காலத்தில் இந்த ஊரில் ஒட்டாத வீடு இல்லை. வெடியைவிடக் கண்ணாடிச் சில்லுக்குப் பயந்தவர்கள் நாங்கள். வெள்ளியன்று வெடித்தது. கண்ணாடி அதிர்ந்தது, உடையவில்லை. திங்கள் முழுவதும் அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்து வேலை செய்தேன். ஒட்டியதே நினைவில் இல்லை.

ஜூட்டின் விளக்கம்: "இந்தச் சாமான் ரெண்டு சத்தத்துக்குக் காத்துக்கொண்டு இருக்கும் ஐயா. முதல் 'தும்' எண்டு அடி. பிறகு 'சலார்' எண்டு கொட்டுறது. ரெண்டும் வந்தாத்தான் கத்தும். இப்பிடி ரேப் ஒட்டினாக் கண்ணாடி கொட்டாது. கொட்டாட்டி இது செவிடுதான்."

"அன்று உங்கள் பெட்டிக்கு ஊதியதே?"

"அது ரெண்டு சத்தத்தையும் தானே போடும். பெட்டிக்கு ஆர் ஐயா ரேப் ஒட்டினது?"

பிறகு: "ஏன் ஒட்டினனீங்கள்?"
"குண்டு."
"இப்ப ஆர் ஐயா குண்டு போடுறது?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான். இடி இடிச்சாலே கட்டிலுக்குக் கீழ போயிடுவா."

ஆகவே: அலாரம் இயங்கியபடி இருந்தது. காலையில் வந்து நிறுத்தியதாக நசுறுதீன் சொன்னது சரி. அது ஒலிக்காததற்குக் காரணம் நான்.

தண்ணீர் குடித்தேன். நான் சொல்லும்வரை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினார். படியிறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தார். "சொல்ல மாட்டன். ஆனா ஐயா, அந்த மனுசன் உள்ளுக்கை கிடக்குது."

"தெரியும்."

ஜூன் 12, வெள்ளி

வெயில். கந்தோரில் தனியே. இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். ஒன்றில் திகதி பிழை.

23 வரை பொறுப்பதற்கான காரணங்கள்:

அ. ஜூட்டின் சொல் நிபுணர் அறிக்கை அல்ல.

ஆ. என் வாக்குமூலத்தில் பொய் இல்லை. திருத்த எதுவுமில்லை, சேர்க்க மட்டுமே உண்டு.

இ. நான்கு உறுதிகள் என் பாதுகாப்பில் இருந்தவை. கள்ளன் எடுத்தது ஒரு விடயம்; பாதுகாப்பை நானே செவிடாக்கியிருந்தேன் என்பது வேறு விடயம். உரிமையாளர் ஒருவர் முறையிட்டாலும் கவலையீனம் என்று விசாரணை வரும். என் நொத்தாரிசு உத்தரவுப்பத்திரம் பறிபோகலாம்.

ஈ. பதினொரு நாட்கள்தான்.

"ஈ"யை வாசித்தபின் பேனையை மூடி வைத்தேன்.

12.10க்குக் கதவைப் பார்த்தேன். வெள்ளியில் அவர் தொழுகைக்குப் புறப்படும் நேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி. பாயிஸின் கடையில் கதவிழுக்கும் சத்தம். பிறகு வீதியில் ஒன்றுமில்லை.

பின்னேரம் யோகாவிடம் சொன்னேன். "கந்தோர்க் கண்ணாடிக்கு ரேப் ஒட்டினது நான். அதாலைதான் அலாரம் அடிக்கேல்லை."

"ரேப் ஒட்டியிருப்பியள் எண்டு தெரியும்."
"எப்பிடி?"
"அண்டைக்கு வந்து வீட்டிலையும் ஒட்டினனீங்கள். குசினி ஜன்னலைப் போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். இருந்தது. மூலைக்கு மூலை, குறுக்கே, நெடுக்கே. ஒட்டியது இப்போதும் ஞாபகம் வரவில்லை.

"ஏன் சொல்லேல்லை?"

"கேக்கேல்லை."

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்து குடித்தேன்.

ஜூன் 13, சனி

இரும்புக் கடையில் அதே தடிப்பில் ஆறு கண்ணாடிகள். நான்கு மில்லிமீற்றர். கடைக்காரர்: "என்ன ஐயா, வீடு கட்டுறியளோ?" இல்லை என்றேன்.

கந்தோரில் நான், ஜூட், சாட்சிக்குப் பாயிஸ். பழைய ஜன்னற் சட்டத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, வெளியிலிருந்து சுத்தியலால் ஒரே அடி.

ஒட்டாதவை மூன்று. மூன்றுக்கும் சங்கு ஊதியது.
ஒட்டியவை மூன்று. ஒன்றுக்கும் ஊதவில்லை.

கடைசிக் கண்ணாடியை நான் உடைத்தேன். "தும்" என்ற அடி மாத்திரம். பிறகு கண்ணாடி தலையைக் குனிந்து உள்ளே தொங்கியது. நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தபடி நின்றோம். ஒன்றுமில்லை.

பாயிஸ்: "கையைக் கட்டி வாயையும் பொத்தினா அது என்னத்தக் கத்தும் சேர்?"

சத்தம் கேட்டு வந்தவர்களுக்கு அவரே பதில் சொன்னார். "ஒண்டுமில்ல, போங்க. சேர் தன்ட ஜன்னலத் தானே உடைச்சிப் பழகுறார்."

பிறகு சிரிப்பில்லாமல் என்னிடம்: "நசுறுதீன் நானாட ஊட்டுக்கு நாலு நாளா ஒரு ஆளும் போகல்ல சேர். நானும் போகல்ல."

குறிப்பெடுத்து ஜூட்டின் ஒப்பம் பெற்றேன். உள்ளங்கையில் சிறிய வெட்டு. எப்போது வெட்டியது என்று தெரியாது. யோகா மஞ்சள் வைத்தாள்.

ஜூன் 14, ஞாயிறு

சத்தியக் கடதாசி எழுதினேன். ஒன்பது பந்திகள். நான்காம் பந்தியில், ஒட்டுநாடாவை "தற்செயலாக" ஒட்டினேன் என்று எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, வெட்டினேன். மூலைக்கு மூலை அளந்து ஒட்டியது தற்செயல் ஆகாது. ஏழாம் பந்தியில், இரு மாலைகளும் அலாரத்தை இயக்காமல் விட்டது என் பணிப்பின்படி.

தட்டச்சு நானே. இரு விரல்களால் மூன்று மணித்தியாலம். எப்போதும் அவர் செய்வது.

ஜூன் 15, திங்கள்

சமாதான நீதவான் முன் சத்தியம் செய்தேன். ஒரு பிரதி பொலிசுக்கு, ஒன்று அந்த இளம் சட்டத்தரணிக்கு. அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். "நன்றி சேர்" என்றார்.

உப பரிசோதகர் ஏழாம் பந்தியில் விரலை வைத்தார். "ரேப் கதை உங்களுக்கு அண்டைக்கு ஞாபகமில்லை, சரி ஐயா. இது?"

"இது ஞாபகம் இருந்தது."

"அப்ப?"

பதில் என்னிடம் இருந்தது. சொன்னால் எனக்குக்கூட அது பதிலாகக் கேட்டிருக்காது.

11 மணி. திரியாயிலிருந்து கனகம்மா. வயது எழுபத்தாறு. பெட்டியில் போன உறுதிகளில் ஒன்று அவருடைய வயற்காணிக்குரியது. பக்கத்துக் காணிக்காரருடன் எல்லை வழக்கு வருமென்று பங்குனியில் கொண்டுவந்து தந்தவர். என்னிலும் மூத்தவர், தம்பி என்று அழைப்பார். இருக்கச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஒட்டுநாடா உட்பட.

"காணிக் கந்தோரில் இரண்டாம் பிரதி இருக்கும் அம்மா. அத்தாட்சிப்படுத்திய பிரதியை என் பொறுப்பில் எடுத்துத் தருவேன்."

"பிரதி எடுக்கலாம் தம்பி. நான் அதை ரெண்டு தரம் இடுப்பிலை கட்டிக்கொண்டு ஓடினனான். காட்டுக்குள்ளை கிடக்கேக்கை மழையிலை பிள்ளையை நனைய விட்டுட்டு அதைப் பொத்தி வைச்சனான். பிறகு இது பத்திரமான இடம் எண்டு இஞ்சை கொண்டுவந்து தந்தனான்."

புது ஜன்னலைப் பார்த்தார்.

"கள்ளன் வருவான் எண்டு அலாரம் பூட்டினியள். குண்டு வரும் எண்டு ரேப் ஒட்டினியள். ரெண்டிலை எதை நம்பினியள் தம்பி?"

முறையிட அவருக்கு உரிமை உண்டு என்றும், எங்கே எழுத வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நாலாய் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். முறையிடுவாரா என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

வழக்கை முன்கூட்டி அழைத்தார்கள். நீதவான் சத்தியக் கடதாசியை வாசித்தார், ஐந்து நிமிடம். தலையை நிமிர்த்தி நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினார். பொலிசார் ஆட்சேபிக்கவில்லை. சந்தேகநபர் விடுவிக்கப்பட்டார்.

நசுறுதீன் மருமகனுடன் பக்கவாசலால் போனார். என்னைக் கண்டார் (ஊகம்).

நிம்மதி வரவேண்டும். காத்திருந்தேன். பின்னேரம் முடிவெட்டினேன்.

ஜூன் 17, புதன்

8.00, 8.30, 9.00. வரவில்லை. கந்தோரை நானே கூட்டினேன். கதவடியில் இன்னும் ஒரு கண்ணாடித் துகள்.

ஜூன் 18, வியாழன்

இன்றும் வரவில்லை. 10 மணி பஸ்ஸில் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்குப் போனது இரண்டு தடவை, இரண்டும் கல்யாணங்களுக்கு.

வாசலில் கதிரை போட்டார். மனைவி பிளேன்டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாரத்தில் நசுறுதீன் மெலிந்திருந்தார். தாடி வெட்டப்படவில்லை.

"வேலைக்கு வருவீர்கள் என்று பார்த்தேன்."

"வரலாம் சேர். அதுக்கு முதல் ஒரு கத இரிக்கி." குரல் கந்தோரில் பேசும் அதே குரல். "நான் பள்ளிவாசல் நிர்வாகத்துல செயலாளர். ஒங்களுக்குத் தெரியும். வெளிய வந்த அண்டைக்கே ரெண்டு பேர் வந்து கூட்டக் கொப்பிய எடுத்துட்டுப் போனாங்க. கொஞ்ச நாளைக்கி எண்டாங்க. எத்தன நாளைக்கி எண்டு கேட்டன். அத நிர்வாகம் முடிவெடுக்கும் எண்டாங்க. பதினாலு வருஷம் நான்தான் நிர்வாகத்துட முடிவ எழுதினவன்."

"நீதிமன்றக் கட்டளையைக் காட்டவில்லையா?"

"காட்டினன். 'விடுவிக்கப்பட்டார்' எண்டுதான் போட்டிரிக்கி. களவெடுக்கல்ல எண்டு அதுல எங்கயும் இல்ல சேர். நீங்களே பாருங்க."

பார்த்தேன். சரி.

"நான் எழுதித் தருகிறேன்."

"எழுதுங்க. நம்மட கந்தோர் முறைப்படி, ரெண்டு சாட்சி வச்சி எழுதுங்க. அதக் கொண்டுபோய்க் குடுக்கன். எடுத்தா எடுக்கட்டும்."

எழுந்தேன். அவரும் எழுந்தார். படலைவரை வந்தார்.

"சேர், அண்டைக்கு நீங்க சொன்ன நாலு பதிலும் நான் வாசல்ல நிண்டு கேட்டன். ஒண்டும் பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா அந்த இடத்துலயே கத்தியிருப்பன். சரியா இருந்ததாலதான் எனக்கு ஒண்டும் சொல்ல வரல்ல."

பஸ்ஸில் ஜன்னலோரம். பாலத்தில் காற்று பலம். மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டுபோயிருந்தேன். சொன்னேனா என்று யோசித்தேன். இல்லை.

ஜூன் 19, வெள்ளி

நசுறுதீனுக்கான பிரகடனம் தயார். என் பத்திரத்துக்கு நானே நொத்தாரிசாக நிற்க முடியாது. ஆகவே சாதாரணப் பிரகடனம். ஒரு பக்கம். மூன்றாம் பந்தி: களவில் அவருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. நான்காம் பந்தி: அவர் மீது சந்தேகம் விழுந்தது என் செயலாலும், நான் சொல்லாமல் விட்டதாலும். ஐந்தாம் பந்தி: அதற்காக வருந்துகிறேன். ஐந்தாம் பந்தி ஒரே வரி. நீட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

யோகா குசினி ஜன்னலில் ஒட்டுநாடாவைச் சுரண்டுகிறாள். பசை போகவில்லையாம்; மண்ணெண்ணெய் கேட்டாள்.

ஜூன் 20, சனி

காற்று விழுந்துவிட்டது. கடல் தட்டை. 9 மணிக்கு நசுறுதீன் வந்தார். வெள்ளைச் சேட். தாடி வெட்டியிருந்தார். தன் மேசையில் இருக்கவில்லை. கட்சிக்காரர் கதிரையில் இருந்தார்.

முதற் சாட்சி பாயிஸ். மாக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் சாட்சிக்கு ஜூட்டை அழைத்திருந்தேன். அவர் வேலையாக நிலாவெளியில். பதினொன்றுக்கு முன் ஏலாது என்றார்.

"நான் போடுறன் சேர்."

தனக்காக எழுதப்படும் பத்திரத்தில் தானே சாட்சியாவது தடையில்லை. ஆனால் பொருத்தமில்லை என்றேன்.

"பொருத்தம் நான் பாத்துக்கொள்ளுறன். ஒங்களத் தெரியும் எண்டு சொல்லுறதுக்கு இந்த ஊர்ல என்ன விட ஆர் இரிக்கா?"

பேனையால் வரி தொட்டு, முதலிலிருந்து வாசித்தார். எந்தப் பத்திரத்தையும் அவர் வாசிப்பது அப்படித்தான். நான்காம் பந்தியில் நின்றார். "அலாரம் போடாம விட்ட ரெண்டு நாளுக்கும் திகதி இல்ல சேர்." சொன்னார், நான் எழுதினேன். ஐந்தாம் பந்தியை வாசித்தார். மேலே பார்க்கவில்லை.

கடைசியில் சாட்சிகளின் வாசகம். எங்கள் கந்தோரில் எல்லாப் பத்திரத்துக்கும் ஒரே வாசகம்தான்: ஒப்பமிடுபவரைத் தாங்கள் நன்கு அறிந்தவர்கள் என்று இரு சாட்சிகளும் சொல்ல வேண்டும். பேனை அங்கே நின்றது.

"சேர், இந்தச் சொல்லு."

"வழமையான சொல்தானே."

"ஓம். நான்தான் இருபத்திரண்டு வருஷமா அடிக்கன்."

ஒரு சொல்லின் மேல் ஒரே கோடு. நேரானது. ஓரத்தில் தன் சிற்றொப்பம். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, நானும் ஓரத்தில் சிற்றொப்பமிட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

பாயிஸ்: "என்ன நானா, பிழையா?"

"பிழை இல்ல. சரி பாக்கிறம்."

சிற்றொப்பமிட்டேன். ஒப்பமிடுமுன் வெட்டப்பட்டதை வெட்டப்பட்டதாகக் கீழே எழுத வேண்டும்; அது முறை. எழுதினேன். எழுத்து வாசிக்கக்கூடியதாக உள்ளது.

மூலத்தை உறையிலிட்டு அவர் கொண்டுபோனார். திங்கள் வேலைக்கு வருவது பற்றி இருவரும் பேசவில்லை. பத்திரத்தின் கடைசிப் பகுதி, உள்ளபடி:

*கீழே ஒப்பமிடும் சாட்சிகளாகிய நாங்கள், மேற்படி பிரகடனகாரரையும் அவரது பெயர், தொழில், வதிவிடத்தையும் அறிவோம்.*

*இருபத்தோராம் வரியில் "நன்கு" என்னும் சொல் ஒப்பமிடுவதற்கு முன்னர் வெட்டப்பட்டது.*

(ஒப்பம்) த. குகநேசன்

சாட்சிகள்:

1. (ஒப்பம்) மு. பாயிஸ், உட்துறைமுக வீதி

2. (ஒப்பம்) அ. க. நசுறுதீன், கிண்ணியா